அத்தை வரவில்லை என்றேன்

என் அத்தையை மலைக்கோட்டைப் படி ஏறவிடாமல் செய்தவள் நான்தான். அம்மா அல்ல, அப்பாவும் அல்ல. ஒன்பது வயதில் ஒரு பொய் சொன்னேன். அதைக் காப்பாற்ற இருபத்திரண்டு வயதில் இன்னொன்று செய்தேன். முதலாவதற்குக் குழந்தைத்தனம் என்று சாக்குச் சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன சொல்வது?

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான். தெரிந்தவர்களிடம் சொல்லப் போனால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நான் பிறந்தது பினாங்கில். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் பிடித்துத் திருச்சிக்கு வந்தோம். அப்பா, அம்மா, நான், நான்கு வயதுத் தம்பி. அப்பாவுக்கு அது சொந்தச் சீமை. எனக்கோ அயல்நாட்டு ஊர். கப்பலில் அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊருக்கு நடுவே ஒரே கல்லாக ஒரு மலை இருக்கிறதாம். என்னை அவரே கைபிடித்து உச்சிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டுவாராம். பினாங்கில் மலை ஏற ரயில் உண்டு. இங்கேயும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெறும் படிக்கட்டுதான் என்றபோது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். எங்களுக்கு முன்பே வந்து அதன் வாசலில் காத்திருந்தாள் அத்தை. அப்பாவின் ஒரே அக்கா. அவளுக்கு மருங்காபுரிப் பக்கத்தில் வானம் பார்த்த பூமி. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, அந்த மண்ணில் பாடுபட்டு, தம்பியை வளர்த்துக் கப்பலேற்றி அனுப்பியவள். ரவிக்கை இல்லாமல் வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

"ஏன்டா தம்பி, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று அப்பாவின் கன்னத்தைத் தடவினாள்.

நான் திகைத்து நின்றேன். துறைமுகத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கும் என் அப்பாவை ஒருத்தி 'டா' போடுகிறாள்... அவரும் சிரிக்கிறார்!

மறுநாள் ஸ்ரீரங்கம். பஸ்ஸில் ஜன்னலோரத்தை அப்பா அத்தைக்குக் கொடுத்தார். காவிரியை நான் அவள் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்த்தேன். கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரத்தைத் தாண்டினால் மதிலுக்குள் மதில், அதற்குள் வீடுகள், கடைகள், பால் கறக்கும் மாடுகள். கோயிலுக்குள் ஊரா, ஊருக்குள் கோயிலா என்று எனக்கு விளங்கவில்லை. என் கவுனையும் பூட்ஸையும் பார்த்து ஒரு மாமி நின்றாள். "எந்த ஊர்க் கொழந்தைடி நீ? பெருமாளைச் சேவிச்சாச்சோ?" என்று கேட்டாள். சேவிப்பதென்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். அவர் அத்தையோடு ஏதோ பழைய மாட்டுக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி கும்பிடறதைத்தான் கண்ணு, இங்க அப்படிச் சொல்லுவாங்க" என்று பதில் சொன்னவள் அத்தைதான். என் கையையும் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன கை. நான் உருவிக்கொண்டேன்.

அவள் பொல்லாதவளாக இருந்திருந்தால் எனக்கு இன்று எவ்வளவு லேசாக இருக்கும்! பொறாமை என்ற சொல் அன்று எனக்குத் தெரியாது. என் அப்பாவை இந்த ஊர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்பது மட்டும் தெரிந்தது.

என் தம்பி பிறந்தபோது அம்மா பிழைப்பாளா என்றே ஆகிவிட்டதாம். தந்தி கிடைத்ததும் அத்தை மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டாள். சுகப் பிரசவத்துக்கு அவருக்குத் தார் செலுத்துவது அந்தச் சீமை வழக்கம். தாயையும் பிள்ளையையும் சந்நிதியில் நிறுத்தித் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவரை வாழைப்பழத்தைத் தொடுவதில்லை என்று நான்கு வருடம் இருந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் அதற்காகத்தான் போனோம். கடைத்தெரு நெரிசலில் ஒருவர் தாரைத் தலையில் சுமந்து முன்னே நடந்தார். மலையடிவாரத்தில் கோயில் யானை நின்றது. அதன் அருகே வந்ததும் அத்தை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல காரியத்துக்கு நான் முன்னால ஏறக் கூடாதுடா. நீங்க போங்க. பூசை நேரத்துக்கு யாராச்சும் வந்து கூப்பிடுங்க, வந்துடறேன்."

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கணவனை இழந்தவள் தானாக வந்து நிற்கக் கூடாது, உறவுக்காரர் முறையாக அழைத்தால் வரலாம் என்பது அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு. அந்த ஒரு அழைப்புக்காகத்தான் அவள் கீழே காத்திருந்தாள்.

சந்நிதியில் அர்ச்சனைத் தட்டு தயாரானதும் அப்பா, "கமலா, ஓடிப்போய் அத்தையைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

இறங்கினேன். பாறையைக் குடைந்து போட்ட படிகள், உள்ளே அரையிருட்டு. பாதிக்கு மேல் இறங்கியதும் கீழே வெளிச்சத்தில் அத்தை தெரிந்தாள். படியில் யார் காலடி கேட்டாலும் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். இருட்டில் நின்ற என்னை அவளுக்குத் தெரியவில்லை. இவள் வந்துவிட்டால் உச்சி வரைக்கும் அப்பா இவளைத்தான் கைபிடித்து ஏற்றுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்... திரும்பி ஏறிவிட்டேன்.

"அத்தை வரலைன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

அப்பா இறங்கப் போனார். "நடை சாத்தற நேரம், பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று குருக்கள் அவசரப்படுத்தினார். அம்மாவும் மெதுவாகத் தடுத்தாள். "வற்புறுத்தாதீங்க. நாலு பேர் பார்க்கிற இடம், அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்." நாத்தனார் மனம் நோகக் கூடாதே என்றுதான் சொன்னாள். சத்தியமாக அதற்காகத்தான்.

பூசை முடிந்ததும் அப்பா என்னை உச்சிக்குக் கூட்டிப்போனார். காவிரியைக் காட்டினார், ஸ்ரீரங்கத்தைக் காட்டினார், பொன்மலைப் பக்கம் எழுந்த புகையைக் காட்டினார். எல்லாம் எனக்கு மட்டும். நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழே இறங்கியபோது அத்தை எழுந்து நின்றாள். எங்கள் நெற்றி விபூதியைப் பார்த்தாள், அப்பா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"ஆச்சாடா?"

"ஆச்சுக்கா."

இரண்டே சொல். ஏன் வரவில்லை என்று அப்பா கேட்கவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் அவளுடைய கைம்மையைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதைப் பேசக் கூடாதென்று இரண்டு பேருக்கும் நினைப்பு! அப்பா கொடுத்த பிரசாதப் பழத்தை அத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு யானைக்குக் கொடுத்துவிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று சொல்லி அன்றைக்கே பஸ் ஏறினாள்.

நாங்களும் பினாங்குக்குத் திரும்பினோம். அதன்பின் அப்பாவின் கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. "அக்காவுக்கு என்ன மனத்தாங்கலோ" என்று சொல்லிச் சொல்லியே பினாங்கில் கண்ணை மூடினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு நாங்கள் ஒரேயடியாகத் திருச்சிக்கே வந்துவிட்டோம். ரயில்வே பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் பொன்மலை குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கல்யாணத்துக்கு அத்தை வரவில்லை. எனக்கு மகள் பிறந்தபோது வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்க அண்ணி" என்று அம்மா கூப்பிட்டாள். அத்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா உள்ளே போனதும் அத்தை தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டாள்.

"அன்னிக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னது உங்கம்மாதானே?"

நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். வீட்டுக்காரர் என்ன நினைப்பார், அம்மா என்ன நினைப்பாள், இந்தக் கிழவி என்னைச் சபித்தால் கையிலிருக்கும் பிள்ளைக்கு ஆகுமா... இப்படி ஏதேதோ ஓடியது. தலையை ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேன்!

அத்தையின் முகம் தெளிந்தது. "அதானே. எந்தம்பி சொல்லியிருக்க மாட்டான்" என்றாள். பிள்ளையின் காலை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

போன மாதம் அத்தை இறந்துபோனாள். அம்மா காரியத்துக்குப் போயிருந்தாள். அங்கே பங்காளி வீட்டுப் பெண்கள் யாரும் அவளோடு பேசவில்லையாம். பந்தியில் பக்கத்து இலையில் உட்காரவும் ஆளில்லையாம். திரும்பி வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவங்களுக்கு நான் என்னடி பாவம் பண்ணேன்? உனக்காவது தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.