பசை பிடிக்கட்டும் என்றவர்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சாலமன் சார் இறந்த செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவர் பெயரைப் பார்த்ததும், பேசுவது யார் என்றுகூடக் கேட்காமல், "இன்னா சார், சாப்ட்டீங்களா, இல்ல அந்தக் கிடார் பொட்டியக் கட்டிப் புடிச்சிக்கினே உக்காந்துனு இருக்கீங்களா?" என்று ஆரம்பித்துப் பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர் மனைவி எஸ்தரின் குரல் கேட்டது: "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா."

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க எழுதித் தரச் சொன்னார்கள். "கண்ணியமா எழுதுப்பா" என்றார் சங்கச் செயலாளர். முயன்று பார்த்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எங்கள் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், முகூர்த்தப் புடவை ஒன்றை மடித்து இடது கையால் நீட்டிவிட்டேன். மணப்பெண்ணின் அம்மா தேள் கொட்டியதுபோல் கையை இழுத்துக்கொண்டார். "கல்யாணப் பொடவைய எவனாச்சும் பீச்சாங்கையில குடுப்பானா?" கடையே திரும்பிப் பார்த்தது. தறி வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியாதா? எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியாது. அடுத்த மேசையிலிருந்து சாலமன் சார் எழுந்து வந்தார். புடவையை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்து, "கோச்சுக்காதீங்கம்மா, பையன் அவசரக்காரன். பொடவை நல்ல வேளையில வந்துது" என்றார். அந்த அம்மா சம்பந்திக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு முகூர்த்தப் புடவை என்றாலே, "யோவ் பீச்சாங்கை, நகரு" என்றபடி அவர் வந்துவிடுவார்.

அவருக்குச் சொந்த ஊர் மாகறல். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கிடார் வாசிப்பார். ஒருமுறை அதை என்னிடம் கொடுத்தார். என் கைக்கு வாகாகத் திருப்பிப் பிடித்ததில் கம்பிகள் எல்லாம் மேல்கீழாகிவிட்டன. விடாமல் தட்டினேன். "ஆட்டுக்கு வயித்து வலி வந்தாப்ல இருக்குதுபா" என்றார். என் சங்கீதம் அன்றே முடிந்தது.

ஓய்வு பெற்றதும், தாமே ஒரு கிடார் செய்யப்போவதாக அறிவித்தார்.

"ஒண்ணு இருக்குதே சார், இன்னொண்ணு எதுக்கு?"

"செஞ்சி பாக்கணும்பா."

அறுத்த பாகங்களாகப் பெட்டியில் வரும் 'கிட்'டை வாங்கி, ஒட்டிச் சேர்க்க வேண்டும். எந்தக் கிட் என்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நெருப்பில் காட்டி வளைக்க வேண்டிய பக்கப் பலகைகளை ஏற்கெனவே வளைத்தே அனுப்பும் ஒன்றைக் காட்டினேன். கழுத்தைக்கூட போல்ட் போட்டு முடுக்கினால் போதும். முதல்முறை செய்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

"இது வேணாம்பா."

மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் ஒரே மரத்தில் வரும் இன்னொன்றைக் காட்டினேன்.

"இதுவும் வேணாம்."

"ஏன் சார்?"

"வேணாம்னா வேணாம்பா."

காரணம் மட்டும் வாயிலிருந்து வராது. அலமாரியில் உள்ள புடவையை எல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டு, "நல்ல நாள் பாத்து வர்றோம்" என்று எழுந்துபோகும் குடும்பங்களையே பொறுத்துக்கொண்டவன் நான். இவரை என்னால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் எனக்குக் காட்டாமலே எங்கிருந்தோ ஒன்றை வரவழைத்தார். அது வந்து சேர்வதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. தாமல் ஏரி நிரம்பிவிட்டது. இவருடைய பசை காயவில்லை. நான் பலகையைப் பிடிக்க, அவர் அதை இறுக்கும் க்ளாம்ப்பைத் திருக, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே உடம்புப் பெட்டியை மூடினோம்.

"நான் சொன்னத வாங்கியிருந்தா இந்நேரம் பாட்டே பாடியிருக்கலாம்."

"நீ பாடுவேன்னுதாம்பா பயமா இருக்குது."

தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். டாக்டரிடம் போகச் சொன்னேன். "க்ளாம்ப் திருகித் திருகிப் புடிச்சிக்கினு இருக்குது" என்றார். மிச்ச வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. "கம்பி மாட்ட வா, போதும்."

கடைசி நாளில் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எஸ்தர் ஆட்டோவையே வாசலுக்கு வரவழைத்துவிட்டார். "பசை பிடிக்கட்டும், இதோ வர்றேன்" என்று இவர் க்ளாம்ப்பை விடாமல் உட்கார்ந்திருக்கிறார். பசை பிடித்துவிட்டது. எந்த மனிதராவது ஒரு துண்டு மரத்துக்காக ஆட்டோவைக் காக்க வைப்பாரா? மாகறல் கல்லறையில் மண் போடும்போது ஓர் உறவினர், "பொம்மை செஞ்சே செத்தாரு" என்றார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். சாரைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான்.

பிறகு எஸ்தர் கிடாரை என் மடியில் வைத்தார். "கம்பி மாட்ட ஒங்களத்தாண்ணா வரச் சொன்னாரு." ஆத்திரத்தோடுதான் மாட்டினேன். போய் வாருங்கள், சார். உங்கள்மேல் எனக்குள்ள கோபம் ஆறாது. என் பேச்சைக் கேட்காதவர் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லப்போகிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கிடாரில், தடித்த கம்பிக்கான பள்ளம் மற்ற கிடார்களில் இருப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. சாலமன் சார் வலதுகைக்காரர்.