அன்னப்பூரணி எடுத்த பயிற்சி

யுத்த காலத்தில் எங்கள் பக்கம் பயிற்சி என்றால் ஒரே பயிற்சிதான். ஒரு வீட்டுப் பிள்ளை பயிற்சிக்குப் போய்விட்டது என்றால் இயக்கத்தில் சேரக் காட்டுக்குப் போய்விட்டது, இனித் துவக்கோடுதான் வரும் என்று விளங்கிக்கொள்வோம். நாலு பேர் முன்னால் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவும் மாட்டோம். இயக்கம் நடமாடுகிற வாகரையில் பிறந்தவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? இருந்தும் அன்னப்பூரணி எங்கள் நாவற்குடாவில் வந்து தங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் பயிற்சி எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மனவருத்தத்துக்கு வைத்தியம் செய்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பழையபடி தொழிலுக்கும் ஊருக்கும் பழக்கிவிட, டவுனில் சில பெண்களுக்குப் படிப்பித்தார்கள். அதுதான் அவளுடைய பயிற்சி. காலையில் பாடம், பின்னேரம் வீடுகளுக்குப் போக வேண்டும். அவளுக்குக் கிடைத்த வீடு என் பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளையுடையது.

ஆச்சிப்பிள்ளையின் மகன் நல்லரத்தினம் வாவியில் வலை போடுகிறவன். ஒரு சுற்றிவளைப்பில், முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஆமிக்கு ஆள் காட்டுகிற தலையாட்டி ஒருவன் இவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டான். பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் பழைய நல்லரத்தினம் இல்லை. ஒரு மத்தியானம் கழுத்தளவு தண்ணீர்வரை வாவிக்குள் நடந்துபோய்விட்டான், நானும் ஆச்சிப்பிள்ளையும்தான் இழுத்து வந்தோம். மாதம் ஒரு ஊசி போடாவிட்டால் திரும்பவும் அப்படித்தான் ஆகும் என்றார்கள். கிளினிக்குக்குப் போவதென்றால் கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அவனோ வளவு வாசல் படலையையே தாண்டமாட்டான். விசர், பைத்தியம் என்று பெயர் வராமல் இருக்க, மகனுக்கு வயிற்றுவருத்தம் என்று ஆச்சிப்பிள்ளை ஊரை நம்பவைத்திருந்தாள்.

அன்னப்பூரணி வந்தாள், இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவன் கிழிந்த வலையைப் பொத்தினால் இவளும் மற்றத் தொங்கலைப் பிடித்துப் பொத்தினாள். எனக்கு அங்கேதான் பிடிக்காமல் போனது. உளவு எடுக்க வருகிறவர்கள் ஒன்றிரண்டாவது கேட்பார்கள். ஒன்றும் கேட்காதவள் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும்! கேட்டால், தோண்டித் துருவக் கூடாது என்று தனக்குப் படிப்பித்திருக்கிறார்களாம். நானும் ஆச்சிப்பிள்ளையும் அவளுடைய தலையைக் கண்டாலே கதையை நிறுத்திவிடுவோம். ஆனாலும் கிடுகு வேலி ஓட்டையால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் படலைவரை கூட்டிப்போனாள், பிறகு ஒழுங்கை, பிறகு பஸ் ஓடுகிற ரோட்டுக்கரை.

ஊசி நாள் வந்ததும் ஆச்சிப்பிள்ளை என்னிடம் ஓடிவந்தாள்.

"நீயும் போ திரேசு. எங்க கொண்டுபோய் ஆரிட்டக் குடுக்கப் போறாளோ, ஆருக்குத் தெரியும்?"

போனேன். பாலத்தடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். அன்னப்பூரணியின் அடையாள அட்டையில் வாகரையைக் கண்ட ஆமிக்காரன், அரைகுறைத் தமிழில், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

"பயிற்சி எடுக்கிறன்," என்றாள் அந்த மடைச்சி.

அவனுக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அந்தச் சொல் மட்டும் வடிவாகத் தெரிந்திருந்தது. அவளைப் பிடித்துத் தனியே நிறுத்திவிட்டான். அதிகாரி ஒருவன் வந்தான். இது வருத்தக்காரரைப் பார்க்கிற பயிற்சி என்று அவள் விளங்கப்படுத்தினாள். எந்த வருத்தக்காரர், காட்டு என்றான். ஒருவருடைய மனவருத்தத்தை மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாதாம், அதுவும் படிப்பித்ததாம். நல்லரத்தினம் பத்தடியில் நிற்கிறான், ஒரு விரலை நீட்டினால் அவள் தப்பிவிடுவாள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் கேட்கமாட்டாள் என்று தெரியும். சொல்லவுமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளோடு இறங்கியவன் என்று யாரோ காட்டிக்கொடுக்க, அதிகாரி நல்லரத்தினத்தைக் கூப்பிட்டான். இவளைத் தெரியுமா, தெரியுமென்றால் தலையை ஆட்டு என்றான்.

அவன் அதிகாரிக்கு முன்னால் வந்து நின்றான். தலை மட்டும் அசையவில்லை.

"தலையாட்ட மாட்டன். வாயால சொல்றன்," என்றான். "எனக்கு விசர். இவ என்னய ஊசி போடக் கூட்டிப் போறா."

ஆமிக்காரர்கள் சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போனார். அன்றைக்கு ஊசி போட்டாகிவிட்டது.

கேள்விப்பட்ட ஆச்சிப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிக்காத்த வயிற்றுவருத்தம் ஒரு பஸ் சனத்துக்கு முன்னால் போய்விட்டதே! அடுத்த நாள் படலையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"எண்ட புள்ள தண்ட வாயால விசர் எண்டு சொல்லிட்டான். எல்லாம் உன்னால. இனி இஞ்ச வராத," என்றாள் அன்னப்பூரணியிடம்.

அன்னப்பூரணி போகவில்லை, படலைக்கு வெளியே மணலில் குந்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நல்லரத்தினம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கயிற்றை அவிழ்த்தான். கூட்டிப்போக ஆளில்லாமல், தானாகப் படலையைத் தாண்டி வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தி, மற்றத் தொங்கலை அவளிடம் கொடுத்தான்.

ஆச்சிப்பிள்ளை என் வளவுக்குள் வந்து, வேலி ஓட்டையில் நின்ற என் தோளைப் பிடித்தாள்.

"என்ன கேக்கிறாள்?"

"ஒண்டும் கேக்கல்ல," என்றேன்.