படலை தாண்டாத லாண்ட்மாஸ்டர்

முரசுமோட்டை இரஞ்சிதம் லாண்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தால், பலாலியில் இறங்கவேண்டிய விமானம் இறங்காமல் ஒரு சுற்று கூடச் சுற்றும். விமானி கீழே எட்டிப் பார்த்து, "வளைவு எடுக்கிறதெண்டால் இப்பிடித்தான், பார்த்துப் படி" என்று பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டிக்கொடுப்பார். லொறிக்காரர்கள் ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். தொப்பி இல்லாதவர்கள் இரவல் வாங்கிக் கழற்றுவார்கள். இதில் பாதி பொய் என்று சொல்பவர்களும் மற்றப் பாதியை ஒத்துக்கொள்கிறார்கள். அது போதும்.

லாண்ட்மாஸ்டர் என்றால் இரண்டு சில்லு உழவு இயந்திரம். பின்னால் பெட்டியைக் கொழுவினால் அதுவே வாகனம். பெட்டியின் முன்பலகையில் இருந்துகொண்டு, மாட்டுக் கொம்பு மாதிரி நீண்டு வரும் இரண்டு கைபிடிகளையும் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் கிடையாது. கைபிடிக்குக் கீழே இருக்கும் கிளச்சை விரல்களால் இறுக்கி நசித்தால்தான் திரும்பும். வலது பக்கம் நசித்தால் வலதில் போகும், இடது பக்கம் நசித்தால் இடதில் போகும். ஆனால் இறக்கத்தில் மட்டும் எல்லாம் மறுவளம்: இடதை நசித்தால் வலதில் போகும். அதை மறந்து வாய்க்காலுக்குள் குதித்த ஆம்பிளைகளை ஏற்றினால் ஒரு பஸ் நிரம்பும்.

இரஞ்சிதம் குதித்ததில்லை. பசளை, நெல் மூட்டை, கல், மண் எல்லாம் ஏற்றினார். கணவர் ராஜரத்தினம் சங்கக்கடையில் அரிசி நிறுப்பவர். இயந்திரத்துக்குக் கிட்டப் போகமாட்டார். மகன் கிருசாந்தன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் கைவிட்டவன், அல்லது பள்ளிக்கூடம் அவனைக் கைவிட்டது. ஊரில் இருக்கிற ஆட்களைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் எழுதிக்கொண்டு திரிபவன். ஆகவே வீட்டில் வேலைக்கு உதவக்கூடிய ஆட்கள் என்றால் இரஞ்சிதமும் லாண்ட்மாஸ்டரும்தான்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்தப் பெட்டியில் மூட்டை ஏறாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் பாய் விரித்து ஏறுவார்கள். பஸ் இருக்கிறது, வான் இருக்கிறது; ஆனாலும் இரஞ்சிதத்தின் பெட்டியில்தான் போக வேண்டும் என்று நிற்பார்கள்.

மார்கழி மழையோடு இரஞ்சிதத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே இரவில் உடம்பு நெருப்பாகியது. இரண்டாம் நாள் கையிலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகப் போட்டது. பக்கத்து வளவுப் பேச்சியம்மா வந்து பார்த்தார். அவருடைய சனங்கள் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காணி வெட்டி இருந்தவர்கள். இந்த ஒழுங்கையில் நோய்க்குப் பெயர் வைப்பது அவர்தான்.

"இது ஆத்தா வந்திருக்கா புள்ள. முத்து போட்டிருக்கா பாரு. ஆசுபத்திரிக்கெல்லாம் தூக்கிட்டு ஓடாதீங்க, கோவிச்சுக்குவா."

அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், என்று முடிவாயிற்று. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். குசினியில் தாளிப்பு நின்றது. ராஜரத்தினம் பொரித்த அப்பளத்தை நினைத்துக்கொண்டு புளிக்காத சொதியைக் குடித்தார். பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, இரஞ்சிதத்தின் தலையில் வார்த்து, அம்மாளை மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள். ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது: தண்ணி வார்த்தால் வருத்தம் முடிந்தது. அதற்குப் பிறகு நோயாளி என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

இரஞ்சிதத்தின் மூட்டுகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

விடியற்காலையில் கால் நிலத்தில் படும்போது குதிக்கால் கண்ணாடியில் மிதித்ததுபோல் இருந்தது. மணிக்கட்டு வீங்கியது. விரலை மடக்கினால் பாதி வழியில் நின்றது. கடைசியில் ஆசுபத்திரிக்குப் போனபோது இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அது அம்மாள் இல்லை, சிக்கன்குன்யா என்றார்கள்.

"கிருமி இப்ப உங்களிலை இல்லை அம்மா," என்றார் கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர். "மூட்டுநோ சிலருக்கு மாசக்கணக்கா இழுக்கும். நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லாதது, அதுகும் வாறதுதான். அதையும் ஒளிக்காமல் வந்து சொல்லுங்கோ. கையை இளஞ்சூட்டுத் தண்ணியிலை வைச்சு மெல்ல மெல்ல மடக்கி நீட்டுங்கோ."

"பழையபடி வருமோ?"

"வரும்."

"எப்ப?"

டொக்டர் சிரித்தார். "அந்தக் கேள்வியை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ."

காய்ச்சல் போய்விட்டது, ஆனால் காய்ச்சல் திரும்பி வரும் என்கிற பயம் வீட்டுக்குள் கதிரை போட்டு இருந்துவிட்டது. காதடியில் ஒரு நுளம்பு பாடினால் இரஞ்சிதத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெயிலில் நின்று முகம் சூடானாலும் மகனைக் கூப்பிடுவார்.

"நெத்தியைத் தொட்டுப் பாரடா."

கிருசாந்தன் தொட்டுப் பார்ப்பான். "நல்ல குளிர். சங்கக்கடைச் சோடாவை அப்பா இதிலை வைச்சுக் குளிராக்கலாம்."

"பகிடி விடாதை. வடிவாப் பார்."

அவன் வடிவாகப் பார்ப்பான். பகிடிக்காரன்தான், ஆனால் கை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும்.

வெளியில் போனால் இன்னொரு வருத்தம். "என்ன இரஞ்சிதம், இன்னும் நொண்டுறாய்? தண்ணி வார்த்தாச்சுத்தானே?" என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது? ஆகவே போகாமல் விட்டார். மத்தியானங்களில் கொட்டிலுக்குள் போய், மூடியிருந்த படங்கை விலக்கி, லாண்ட்மாஸ்டரின் முன்பலகையில் ஏறி இருப்பார். கைபிடிகளில் கையை வைப்பார். சின்னவிரலும் மோதிரவிரலும் கிளச்சைத் தொடும். மற்றவை ஏதோ வேறு வீட்டு விரல்கள்போல நிற்கும்.

கண்ணை மூடினால் வீதி வந்துவிடும். புதுக்குடியிருப்பு தாண்டியதும் காற்றில் உப்பு ஏறுவது, நந்திக்கடல் பக்கத்து வெளிச்சம், கைபிடி வழியாக உள்ளங்கைக்கு வந்து தோள்வரை ஏறுகிற அந்த நடுக்கம். பின்னால் பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். எஞ்சின் சத்தத்தில் என்ன பகிடி என்று முன்னால் இருப்பவருக்குக் கேட்காது. கேட்காமலே இரஞ்சிதமும் சிரிப்பார். அந்தக் கேட்காத பகிடியைத்தான் அவர் இப்போது தேடினார். ஊரில் யாருக்குச் சொன்னாலும் விளங்காது என்பதால் சொல்லவில்லை.

வைகாசி பிறந்தது. ராஜரத்தினத்தின் தம்பி ரூபன் வந்தான்.

"அண்ணி, இந்த முறை நான் ஓடுறன். நீங்கள் ராணி மாதிரிப் பெட்டிக்குள்ளை இருங்கோ."

இரஞ்சிதம் தலையாட்டினார். ராணியாக இருக்க அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த வருடம் கைபிடியை இன்னொருவர் கையில் கொடுத்தால் இனி அது தன்னிடம் திரும்பி வராது என்று ஒரு எண்ணம் அவருக்குள் விழுந்துவிட்டது. டொக்டர் இல்லையென்று சொன்னாலும் மனம் கேட்கவில்லை.

சனிக்கிழமை ரூபன் ஓட்டிப் பார்த்தான். ஸ்டார்ட் கம்பியைச் சுழற்றினான், எஞ்சின் பிடித்தது, முற்றம் அதிர்ந்தது, லாண்ட்மாஸ்டர் வாசல் படலைவரை கம்பீரமாகப் போய், இருமி, நின்றுவிட்டது. ரூபன் ஸ்பானர் கிடக்கும் சாவிப்பெட்டியை எடுத்து வந்து டீசல் குழாயில் நின்ற காற்றை எடுத்தான். பிடித்தது. எதனால் நின்றது என்று மட்டும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே படலை, அதே இருமல்.

பேச்சியம்மா வேலியால் எட்டிப் பார்த்தார். "அது ஒன்னத் தேடுது புள்ள. வேற ஆளு ஓட்டினா படலை தாண்டாது."

"உங்களுக்கு விசர்," என்று இரஞ்சிதம் சிரித்தார்.

ஆனால் பொழுது படும்போது தனியாகக் கொட்டிலுக்குப் போனார். டீசல் தாங்கியைத் தடவினார். "கொஞ்சம் பொறுத்துக்கொள்," என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சு அடிக்காமல் நித்திரை வந்தது. ஒரு இரும்புக்காவது தன்னை விட ஏலாமல் இருக்கிறதே!

திங்கட்கிழமை காலையில் பெண்கள் எல்லோரும் பாயோடும் சாப்பாட்டுப் பார்சலோடும் ஏறினார்கள். ரூபன் ஓட்டினான். படலையடியில் இருமல். பெட்டிக்குள் இருந்து, "அம்மாளே!" என்று ஒரு குரல். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல," என்றார் பேச்சியம்மா. ரூபன் சாவிப்பெட்டிக்கு ஓடினான்.

இரஞ்சிதம் மெதுவாக இறங்கினார். முன்னுக்குப் போய், வலிக்கிற முழங்காலை ஒருமாதிரி மடித்துக் குனிந்து, தாங்கிக்குக் கீழே பார்த்தார்.

தாங்கியிலிருந்து டீசலை விடுகிற டீசல் பூட்டு, அடைத்தபடி குறுக்கே கிடந்தது. யாரோ பூட்டியிருந்தார்கள். குழாயில் இருக்கிற டீசல் முடியும்வரை எஞ்சின் ஓடும். அது படலைவரை போகத்தான் சரியாகக் காணும். ரூபன் சாவிப்பெட்டிக்குப் போகும் நேரத்தில் திறந்துவிட்டால் மறுபடியும் பிடிக்கும்.

அவருடைய முகம் விழுந்துவிட்டது. இயந்திரம் யாரையும் தேடவில்லை. இரும்பு இரும்பாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு, இரும்பு தேடவில்லை என்றால் தேடியது யார் என்று நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து படலைப் பக்கம் பார்த்தார். அங்கே கிருசாந்தன், வாழ்க்கையில் முதல்முறையாக வானத்தைக் காண்பவன்போல, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரஞ்சிதம் பெருவிரலால் பூட்டைத் திறந்தார்.

"ரூபன், காத்தை எடு. நான் முன்னுக்கு இருக்கிறன்."

"ஏலுமோ அண்ணி?"

"ஏலாது. தார் றோட்டு வரைக்கும் ஓடுறன். அங்காலை நீ எடு."

ராஜரத்தினம் கையைப் பிசைந்தார். "இரஞ்சி, நெஞ்சு கிஞ்சு அடிச்சால்?"

"அடிக்கட்டும். எஞ்சினும்தான் அடிக்குது."

எஞ்சின் பிடித்தது. கைபிடியின் நடுக்கம் மணிக்கட்டுக்கு வந்ததும் ஊசி ஏற்றியதுபோல் வலித்தது. நெஞ்சும் சொன்னபடி அடிக்கத் தொடங்கியது, காது அடைத்தது, நாக்கு வறண்டது. கட்டிலில் கிடந்தபோது வருகிற அதே பயம்தான். ஆனால் இங்கே அதற்கு இருக்க இடமில்லை. ஒழுங்கையில் பள்ளமும் கிடங்கும், பக்கத்தில் நாய், முன்னால் சைக்கிளில் ஒரு கிழவர். படலை தாண்டிவிட்டது.

வாய்க்கால் அணைக்கட்டில் ஏறினார்கள். அங்கிருந்து இறங்கும் இடத்தில் வலப்பக்கம் ஒரு வளைவு. இரஞ்சிதம் இடது கிளச்சை நசித்துப் பார்த்தார். இரண்டு விரல்தான் போனது.

"கிருசாந்தன், முன்னுக்கு வாடா. உன்ரை கையை என்ரை கைக்கு மேலை வை. நான் சொல்லேக்கை நசி."

அவன் வலது கையில் கை வைத்தான்.

"மடையா, இறக்கம்! இடது!"

பெட்டிக்குள் இருந்த அத்தனை பெண்களும் வற்றாப்பளைக்குக் கேட்கத்தக்கதாக அம்மாளைக் கூப்பிட்டார்கள். அவன் பாய்ந்து இடது கையைப் பிடித்தான். "இப்ப நசி... விடு... இன்னுமொருக்கா... விடு." இரண்டு கையும் ஒரு கையாக நசித்தது. பெட்டி ஆடி அசைந்து வளைந்து, இறங்கி, நேராகியது. பின்னால் கொல்லென்று சிரிப்பு. எதற்கென்று முன்னால் கேட்கவில்லை. இரஞ்சிதம் சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது. வலியில் என்று சொல்லிக்கொண்டார்.

தார் வீதியில் ஏறியதும் தானாகவே நிறுத்தினார். விரல்களை ஒவ்வொன்றாகக் கைபிடியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ரூபன் முன்பலகையில் ஏறினான். இரஞ்சிதம் பெட்டிக்குள் பாயில் இருந்தார், பக்கத்தில் மகன். விசுவமடு கழியும்வரை அவருடைய பார்வை ரூபனின் கைகளிலேயே நின்றது. பெண்கள் பகிடி விட்டார்கள். இப்போது ஒவ்வொரு சொல்லும் வடிவாகக் கேட்டது. அவ்வளவு பெரிய பகிடிகளாக இருக்கவில்லை.

வீங்கிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, மகன் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"மிசின் நிக்கமுதலே நீ சிரிச்சனீ."

"எப்பம்மா?"

"சனிக்கிழமையும். ஞாயிறும்."

"அது... அம்மாளாச்சியின்ரை வேலை எண்டு பேச்சியம்மா மாமியே சொன்னவா."

"அம்மாளாச்சிக்கு வேறை வேலை இல்லாமல் டீசல் பூட்டிக்கொண்டு திரியிறாவோ?"

கிருசாந்தன் வீதியோரப் பனைகளைப் பார்த்தான். இரஞ்சிதம் நோகாத விரலால் அவன் காதைப் பிடித்தார். முறுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊரிலை உள்ள ஆக்களை எல்லாம் எழுதுறாய். நாளைக்கு என்னையும் எழுதுவாய், எனக்குத் தெரியும். எழுது. ஆனால் 'யாரோ பூட்டியிருந்தார்கள்' எண்டு எழுதிப்போட்டுத் தப்பலாமெண்டு நினைக்காதை."