கம்ப்யூட்டருக்கு டேபிள் ஃபேன், எனக்கு ஸ்வெட்டர்

போன மாதம் என் வீட்டுக்காரர் புதுக் கைப்பேசி வாங்கினார். பழையது நன்றாகத்தான் இருந்தது. புதியதை வைத்துக்கொண்டு யாரிடமாவது பேசுவார் என்று பார்த்தால், ஏதோ ஒரு செயலியை இறக்கி, அது போட்ட மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, பெற்ற பிள்ளை பள்ளிக்கு முதலாவதாக வந்த மாதிரி என்னிடம் ஓடிவந்து காட்டினார். பழையதைவிட இரண்டு மடங்கு வேகமாம். அதில் அவர் தினமும் பார்ப்பது ராசிபலன் ஒன்றுதான். ராசிபலன் வேகமாக வந்தால் சனி சீக்கிரம் விலகுமா என்று கேட்டேன். அவர் மறுபடி மதிப்பெண் போட்டுப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த வியாதி அவருக்கு இன்று நேற்று வந்ததல்ல. தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த காம்பவுண்டு வீட்டில் ஆரம்பித்தது.

நான் உத்தனப்பள்ளிக்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் தக்காளி, ராகி என்று இருக்க, நான் மட்டும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன். அவர் மதுரைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாடு. கல்யாணமான புதிதில் கம்ப்யூட்டர் வாங்கினோம். என் அப்பா முன்னால் அவர் சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. "இது உங்க மகளுக்காகத்தான் மாமா. வீட்ல இருந்தே டிராயிங் போடட்டும்." அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வந்த முதல் வாரத்துக்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரை மூடி போட்ட நிலையில் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் வயிற்றைத் திறந்து போட்ட ஆபரேஷன் கேஸ் மாதிரிதான் கிடக்கும். ஒரு மாதம் ரேம் போதவில்லை. அடுத்த மாதம் ரேம் போதும், டிஸ்ப்ளே கார்டு போதவில்லை. அதையும் மாற்றினால், இவ்வளவையும் தாங்க அந்தப் பிராசசருக்குத் தெம்பில்லை. நான் எப்போது உட்காரலாம் என்று கேட்டால், "இந்த ஒண்ண மட்டும் மாத்திக்கிறேன், அப்புறம் பூராவும் உனக்குத்தான்" என்பார். அந்த ஒன்று வருடக்கணக்கில் தீரவில்லை.

சாமான் வாங்குவதெல்லாம் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவார். மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டில் வரி கேட்டுப் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அதனால் ரேமை டிபன் பாக்ஸில், எலுமிச்சை சாதம் சாப்பிட்ட அதே டிபன் பாக்ஸில், ஒளித்து எடுத்து வருவார். சந்தனக் கட்டை கடத்துகிறவன்கூட அவ்வளவு வியர்த்திருக்க மாட்டான். அந்தச் செக்போஸ்டில் ஒரு நாளும் ஒருவரும் அவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

பிறகு, பிராசசரை அதன் தகுதிக்கு மேல் ஓட்டும் வித்தையை எங்கோ கற்றுக்கொண்டு வந்தார். போர்டில் ஜம்பர் என்று குன்றிமணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைப் பிடுங்கி வேறு ஊசியில் மாட்டினால் வேகம் கூடுமாம். சூடும் கூடுமாம். பிடுங்குவதற்கு என் ஹேர்பின். சூட்டுக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன். மார்கழிப் பனியில் ஓசூரே போர்வைக்குள் கிடக்கும்போது, எங்கள் வீட்டில் மட்டும் கம்ப்யூட்டருக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பக்கத்தில் நடுங்குவேன். தலையில் ஹேர்பின் இருக்காது.

இதையெல்லாம் யாரிடம் காட்டுவது? கடவுள் அதற்கும் ஓர் ஆளை அனுப்பியிருந்தார், அடுத்த வீட்டுக்கே. பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வேறொரு கம்பெனியில் டைம் ஸ்டடி பார்த்தார். அதாவது ஸ்டாப் வாட்சும் கையுமாக, வேலை செய்கிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் ஒரு நட்டை மாட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று அளக்கும் வேலை. கம்பெனியில் அவரைக் கண்டால் யாரும் டீக்குக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் அவர் வந்தால் நாற்காலி துடைத்துப் போடப்படும். அவரும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பந்தயம். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டு, எது முதலில் எழுந்து வருகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்பார்கள். எழுந்து வந்த பிறகு அதில் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? அணைப்பார்கள். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டுமே. இரண்டு படித்த ஆண்கள், இரண்டு குடும்பத்தின் போனஸ், இத்தனையும் ஒரு பெட்டி சீக்கிரம் கண் விழிப்பதற்காக. விழித்த பெட்டிக்கு ஒரு வேலையும் கிடையாது.

எனக்கு வேலை இருந்தது. தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்குப் படம் வரைய ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். முதலாளி சேலத்துப் பக்கம், பெரியவர். துளை போடும்போது பாகம் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஜிக் வேண்டும், அதை வரைந்து வா என்று அளவெல்லாம் கொடுத்தார். "விஜயதசமி அன்னிக்குப் பூச முடிஞ்சு மிஷினெல்லாம் ஓட்டுவோம். மத்தியானத்துக்குள்ள டிராயிங் கைக்கு வந்துரோணும்மா. இல்லீன்னா பெங்களூர்ல ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனப் போட்டுக்குவேன்" என்றார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். டிப்ளமோ சர்டிபிகேட் கல்யாணப் புடவைக்கு அடியில் பாச்சை உருண்டையோடு கிடந்தது. அவர் ஷிப்டுக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் பார்த்து, மூடியில்லாத அந்தப் பெட்டி முன் உட்கார்ந்து வரைந்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின மத்தியானம் படம் முடிந்தது. ஃப்ளாப்பியில் ஏற்றலாம் என்றால் ஒரு ஃப்ளாப்பியும் உருப்படியாக இல்லை. எல்லாவற்றையும் பந்தயத்துக்குப் போட்டுத் தேய்த்துவைத்திருந்தார். காலையில் பூஜைச் சாமானோடு புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

காலையில் பூசணிக்காய், பொரி, ஃப்ளாப்பி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், கூடத்தில் தலைவாழை இலை விரித்திருக்கிறது. சாப்பாட்டுக்கு அல்ல. மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், டிஸ்ப்ளே கார்டு எல்லாம் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ரேமுக்கு மட்டும் விசேஷமாகத் திருநீற்றுப் பட்டை. பன்னீர் வேறு தெளித்தாகிவிட்டது.

என்னங்க இது என்றேன். கம்பெனியில் லேத்துக்குப் பொட்டு வைக்கும்போது மேலே மட்டுமா வைக்கிறோம், மூடியைத் திறந்து கியருக்கு, பெல்ட்டுக்கு எல்லாம் வைப்போம், அப்போதுதான் வருஷம் பூராவும் மக்கர் பண்ணாது என்றார். இது லேத் இல்லையே என்றேன். ஆயுதம்தானே என்றார். சரி, மாட்டிக் கொடுங்கள், படத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "பூசையில வச்சத நாளைக்குக் காலைலதான் தொடணும். நீ படிச்ச பிள்ள, உனக்கு நான் சொல்லணுமா" என்றார். படித்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு சுண்டல் தாளிக்கப் போனேன். அடுத்த வீட்டில் பாகலூர்க்காரரின் மனைவி, அந்த அக்கா, தன் கம்ப்யூட்டரின் தலையில் ஒரு பொட்டு வைத்து, ஒரு முழம் பூவைச் சாத்தி, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

விஜயதசமி காலை. பாகலூர்க்காரர் ஸ்டாப் வாட்சோடு வந்துவிட்டார். நல்ல நாள், பந்தயமும் உண்டு. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மாட்டினார். சாமிப் பொட்டைத் துடைக்கக் கூடாது என்பதால் பொட்டோடும் பட்டையோடும் மாட்டினார். சுவிட்சைப் போட்டார். பீப், பீப், பீப் என்று அது கத்தியது. திரை இருட்டு. மறுபடி போட்டார். மறுபடி கத்தியது. ஸ்டாப் வாட்ச் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதேதான். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்து வீட்டு மிஷினில் மாட்டினால் என் படத்தை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொள்ளலாமே என்றேன். ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"என் டிஸ்க்க அவர் மிஷின்ல மாட்டவா?" என்றார் இவர். "நாளைக்கே சொல்லுவாரு, உன் சரக்கெல்லாம் என் மிஷின்லதான ஓடுச்சுன்னு."

இன்னொரு டிஸ்க் சேர்ந்தால் தன் மிஷின் எழுந்து வர நேரம் கூடுமே என்று பாகலூர்க்காரருக்குக் கவலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்ததோ இரண்டு பூசாரிகள்.

நான் கத்தவில்லை. "ஏங்க, உங்களுக்கு இது ஓட்டப் பந்தயம். எனக்குப் பொழப்பு" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் நின்ற அந்த அக்கா குரல் கொடுத்தார்.

"எடுத்துனு வா கண்ணு. எங்குளுது சும்மாதான குந்தினு கீது."

இத்தனை வருஷம் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்ததற்கு ஒரு பலன் இருந்தது. எது எங்கே கழலும் என்று எனக்குத் தெரியும். திருகாணியை நானே கழற்றினேன். டிஸ்க்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அதிலும் ஒரு ஜம்பர் உண்டு, இன்னொரு டிஸ்க்கோடு சேர்ந்து ஓட அதை இடம் மாற்ற வேண்டும். தலையில் கை வைத்தேன், பூஜை நாளாயிற்றே, அதிசயமாக ஒரு ஹேர்பின் இருந்தது. பிடுங்கி மாட்டினேன். சந்தனப் பொட்டு டிஸ்க்கின் மேல் தகட்டோடு நின்றிருந்ததால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. படம் இருந்தது. ஃப்ளாப்பியில் ஏற்றினேன். பின்னால் பாகலூர்க்காரர் ஸ்டாப் வாட்சைப் பார்த்துவிட்டு, நேரம் கூடிவிட்டது என்று பெருமூச்சு விட்டார்.

டவுன் பஸ்ஸில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய். பட்டறைக்குப் போனபோது மத்தியானத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அங்கே இருந்தது மஞ்சள் பாரித்துப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டுவிட்டு முதலாளி போய் ஒவ்வொரு மிஷினுக்கும் கற்பூரம் காட்டிவிட்டு வந்தார், அதன் பிறகுதான் அது கண் விழித்தது. என் படம் கோடு கோடாக, ஆற அமர வந்தது. அவர் ஒரு துளையைத் தொட்டு, இங்கே ஏன் இடைவெளி விட்டிருக்கிறாய் என்று கேட்டார். பிசிறு விழ வழி வேண்டுமே, இல்லாவிட்டால் பாகம் சரியாக உட்காராது என்றேன். தலையை ஆட்டினார். "திங்கக்கெழம வந்துரும்மா" என்று ஒரு பொரிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தப் பொரியைத் தின்றுகொண்டே அழுதேன். சந்தோஷம்தான்.

வீட்டுக்கு வந்தால், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூட ரப்பரால் ரேமின் திருநீற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். முகம் அப்படி மலர்ந்தது. என்ன வேலை, எத்தனை மணிக்குப் போகணும், சம்பளம் எவ்வளவு, எதுவும் கேட்கவில்லை.

"அங்க என்ன பிராசசரு?"

"தெரியிலீங்க" என்றேன். "சுவிச்சப் போட்டா ஆன் ஆவுது."