காற்றின் கண்

அபுதாபிப் பாலைவனத்து ருவைஸில் எங்கள் கேம்ப் அறைகளுக்குக் கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. ஏ.சி. வரப்போகிறது, ஜன்னல் எதற்கு என்று வரைபடம் போட்டவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஏ.சி.யை ஏற்றிய கப்பல் எங்கே நின்றதோ, வரவேயில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், பிளைவுட் அறைக்கு ஆறு பேராக வெந்துகொண்டிருந்தோம். நான் அங்கே டைம்கீப்பர்.

கேம்ப் ஒரு டேனிஷ் இன்ஜினியரின் பொறுப்பில் இருந்தது. நல்ல மனிதர்தான். ஜன்னல் கேட்டு மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்று முறையும் "டிராயிங்கில் இல்லை" என்று திருப்பிவிட்டார். அவருடைய பெருமையெல்லாம், இங்கிலீஷ்காரனுக்குப் பல வார்த்தைகளைத் தன் முன்னோர் கப்பலேறிப் போய்க் கொடுத்தார்கள் என்பதில். ஒருநாள் டீ நேரத்தில் 'விண்டோ'வைப் பிடித்துக்கொண்டார். டேனிஷில் அது 'விண்டு'வாம். அதற்கும் பழையது 'விண்டௌகா'. 'விண்ட்' என்றால் காற்று, 'ஔகா' என்றால் கண். "காற்றின் கண்! வேறு எவனுக்காவது இப்படித் தோன்றுமா?" என்று மேசையைத் தட்டினார்.

எங்கள் ஸ்டோர்கீப்பர் கும்பகோணத்துக்காரர், ஊரில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் இங்கிலீஷில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "பழைய தமிழ்ல அதுக்குக் காலதர்னு பேரு சார். கால்னா காத்து, அதர்னா வழி. உங்க தாத்தா காத்துக்குக் கண்ணு வச்சார், எங்க தாத்தா வழி விட்டார். பேரப்பிள்ளைங்க நாம கட்டின ரூம்ல ஒரு ஓட்டைகூட இல்ல."

இன்ஜினியரின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்து, வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சதுரம் போட்டார். "இப்போது டிராயிங்கில் இருக்கிறது" என்றார்.

தச்சர்கள் மறுநாளே சுவரை வெட்டினார்கள். ஒரு வாரம் மனிதர்களைப் போலத் தூங்கினோம். பிறகு ஒரு மத்தியானம் மணற்புயல் வந்தது. காற்றுக்குக் கண்ணும் வழியும் சேர்ந்தே கிடைத்துவிட்டன. படுக்கை, பெட்டி, சோற்றுப் பானை எல்லாம் மணல். பார்க்க வந்த இன்ஜினியரின் முன்னால் ராமநாதபுரத்துச் சமையல்காரர் தட்டை நீட்டினார். "கண்ணு வச்சீகளே சார், இமை வச்சீகளா?"

ஸ்டோர்கீப்பர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். இன்ஜினியர் மணலை இருமிக்கொண்டே சிரித்து, அன்றைக்கே எல்லா ஜன்னலுக்கும் பலகையில் கதவு போடச் சொன்னார்.

அந்தப் பலகைக்குப் பழந்தமிழில் என்ன பேர் என்று ஸ்டோர்கீப்பர் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் சமையல்காரர்தான் சொன்னார்:

"மூடின்னு வச்சுக்கங்கண்ணே. கலாஸ், முடிஞ்சுச்சு! சாப்பிட வாங்க."