கல்பள்ளிக்கு வந்த பார்சல்

கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்குச் சிக்கன் பர்கர் ஆர்டர் செய்தால் எந்த டெலிவரிக்காரனும் ஒருமுறை போன் செய்து கேட்டுக்கொள்வான்.

"மேடம், லொகேஷன் கரெக்டா? ஸ்மஷானா தோரிஸ்தா இதே."

மௌரீன் தயங்க மாட்டார். மேப் சுடுகாட்டைக் காட்டினால் சுடுகாட்டுக்கே வா, கேட்டில் மெழுகுவர்த்தி விற்கிற அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பார்சல் வந்ததும் ஜெபப் புத்தகம் வைக்கும் துணிப்பைக்குள் அதைத் திணித்துக்கொண்டு, கணவர் கிளாரன்ஸின் கல்லறை ஓரம் போய் உட்காருவார். அங்கே அவரை யாரும் பார்க்க முடியாது. பார்த்தாலும், புருஷன் கல்லறையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பொம்பளையிடம் என்ன தின்கிறாய் என்று யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

பிரேசர் டவுனில் மௌரீனைத் தெரியாதவர்கள் குறைவு. கோல்ஸ் ரோட்டில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தவர். டாபி சாப்பிடாதே, ஒட்டுகிற பண்டம் எதுவும் வேண்டாம் என்று ஊர்ப் பிள்ளைகளை மிரட்டியே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினார். வீட்டில் அவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற ஆள். கோழி வாங்கினால் கால் மகள் டீனாவுக்கு, நெஞ்சு கிளாரன்ஸுக்கு, கழுத்து தனக்கு. யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கிளாரன்ஸ் பஸ் டிப்போவில் ஃபோர்மேன். அதிகம் பேசாதவர். ஒருநாள் மனைவியின் தட்டை வெகுநேரம் பார்த்தார். அந்த வாரமே சனிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை வீட்டுப் பக்கம் திருப்பாமல் சிவாஜிநகருக்கு விட்டார். ஆளுக்கொரு தட்டு கபாப் சொன்னார். மௌரீன் பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைக்கப்போக, கையைத் தட்டிவிட்டார். "இது உன்னுது. பங்கு போடாம சாப்பிடு." பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். பின்னாட்களில் பர்கர் கடைகள் வந்தன. கிளாரன்ஸுக்கு அந்த ரொட்டி பிடிக்காது. மனைவிக்குப் பிடித்ததால் அங்கேயும் போனார்.

ஒரு காலை ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

டீனா அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். பீன்யாவில், அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் ஒரு லேபில் அவள் இன்ஜினியர். அடக்கத்தன்று அவள் அழவில்லை. மறுவாரமே அம்மாவின் சர்க்கரை நோயைக் கையில் எடுத்தாள். ராகி எடை போடப்பட்டது. சோறு குறைந்தது. பொரித்தது வீட்டுக்குள் வரக்கூடாது என்றானது. என்ன சாப்பிட வேண்டும் என்பது எல்லாம் ஒழுங்காக இருந்தது. என்ன சாப்பிடணும்போல இருக்கிறது என்று கேட்க மட்டும் ஆளில்லை.

மௌரீன் முதல் பர்கரைக் கல்லறைக்குக் கொண்டுபோனது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு அது துக்கமாகத்தான் இருந்தது. பிறகு புதன்கிழமையும் சேர்ந்தது. பிறகு கிழமை பார்ப்பது போயிற்று. பேருக்கு ஒன்று வாங்கினால் போதவில்லை, கூடவே உருளைக்கிழங்கும் பொரித்த கோழியும் வந்தன. பாதி தின்னும்போதே ருசி போய்விடும். கை மட்டும் நிற்காது. எலும்பைத் தோட்டத்து நாய்களுக்குப் போட்டு, விரலைத் துடைத்து, வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, "இதோட கடைசி, கிளாரன்ஸ்" என்று கல்லிடம் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறுவார். வீட்டுக்கு வந்து பசிக்கவில்லை என்று சொன்னால் சந்தேகம் வரும். அதனால் டீனா எடை போட்டு வைத்த களியையும் உட்கார்ந்து சாப்பிடுவார்.

"தினம் கல்லறைக்குப் போறாங்க உங்க மாமியார், என்ன பாசம்!" என்று பங்குக் கோயிலில் மருமகன் எரிக்கிடம் சொல்வார்கள். எரிக் வந்து அதை வீட்டில் சொல்லும்போது மௌரீனுக்குக் காது சுடும்.

கிளாரன்ஸின் முதலாண்டுப் பூசைக்கு வாங்கிய செருப்பு, வலது கால் சுண்டுவிரலைக் கடித்தது. சின்னக் கொப்புளம். அது உடைந்தது, ஆறவில்லை. கருத்தது. டாக்டர் சுற்றிவளைக்காமல் பேசினார். சர்க்கரை இறங்கினால் புண் ஆறும். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

டீனாவுக்கு விளங்கவில்லை. போடுகிற சாப்பாட்டுக்கும் வருகிற சர்க்கரைக்கும் பொருந்தவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் சாப்பிடுகிற ஆளைச் சந்தேகித்திருப்பார்கள். டீனா மிஷினைச் சந்தேகித்தாள். சுகர் பார்க்கும் மிஷினை லேபுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தாள். சரியாக இருந்தது. ஆனாலும் வேறு வாங்கினாள். அதுவும் அதையே காட்டியது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அதையே சொன்னபோது, குற்றம் இன்சுலின் மேல் விழுந்தது. ஃப்ரிட்ஜில் குளிர் ஏறி இறங்கி மருந்து கெட்டிருக்கும் என்று, தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து ஒயரை வெளியே விட்டாள்.

"டீனா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காத," என்றான் எரிக். "மம்மி வெளிய ஏதாவது..."

"எரிக், எங்க மம்மி பொய் சொல்லமாட்டா. மிஷின் சொல்லும்."

அடுத்த அறையில் காலை நீட்டிப் படுத்திருந்த மௌரீன் இதைக் கேட்டார். அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். கட்டிலிலிருந்து காலைக்கூடக் கீழே வைத்தார். கதவு வழியாக ஃப்ரிட்ஜ் ஒயர் தெரிந்தது. மகள் அதை எவ்வளவு பதமாக, கதவு நசுக்காதபடி ஒட்டியிருந்தாள் என்று தெரிந்தது. காலைத் திரும்பக் கட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டே கல்பள்ளிக்குப் போனார். வாங்கி, அழுதுகொண்டே தின்றார்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். கல்பள்ளி முழுக்க ஜனம். எல்லாக் கல்லறையிலும் பூவும் மெழுகுவர்த்தியும். கிளாரன்ஸை அடக்கம் செய்தபிறகு டீனா அங்கே வருவது அதுவே முதல்முறை. ஆண்டுப் பூசைக்குக்கூடக் கோயிலோடு நின்றுவிட்டாள். கேட்டில் மெழுகுவர்த்தி வாங்கும்போதே அந்த அம்மா கேட்டுவிட்டாள்.

"இன்னா மம்மி, இன்னிக்கு உன் பார்சல் வரலியா? கூட்டத்துல அந்தப் பையன் எப்டி வருவான்?"

"என்ன பார்சல்?" என்றாள் டீனா.

மௌரீன் காது கேளாதவர்போல முன்னால் நடந்தார். சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். அதற்குள் நாய்கள் வந்துவிட்டன. அத்தனை ஜனத்தில் வேறு எவரையும் பார்க்காமல் நேராக மௌரீனிடம் வந்து வாலாட்டின. ஒன்று அவர் துணிப்பைக்குள் மூக்கை விட்டது. இன்னொன்று கிளாரன்ஸின் கல்லறை ஓரம், தன் இடம் என்பதுபோல் படுத்துக்கொண்டு காத்திருந்தது.

"ஹச்சா! போ!" என்றார் மௌரீன். போகவில்லை.

டீனா நாயைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கல்லின் பின்னால் மண்ணில் கிடந்த எலும்புகளைப் பார்த்தாள். சாமியார் வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து சிலுவை அடையாளம் போட்டாள்.

வீட்டுக்கு வந்து, எரிக் வண்டியை நிறுத்தப் போனதும் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"டாடி போனதுலருந்து."

"நான் ஃப்ரிட்ஜுல ஒயர் மாட்டினேன், மம்மி. லேபுல எல்லாரும் சிரிச்சாங்க. நான் மிஷினத் திட்டினேன்!"

"தெரியும்மா."

"விரல் போயிடும்னு டாக்டர் சொன்னப்போ பக்கத்துலதானே உக்காந்திருந்த? கால் போனா என்ன செய்வ? சொல்லு."

மௌரீன் சேலை முனையைத் திருகிக்கொண்டிருந்தார். "பசியில இல்ல டீனா. அங்க போனா உங்க டாடி 'உன்னுது, சாப்பிடு'ன்னு சொல்றமாதிரி இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல. சும்மா தின்னேன். நிறுத்த முடியல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

டீனாவுக்கு அந்தச் சனிக்கிழமைக் கதை தெரியாது. அம்மாவும் அப்பாவும் பூசை முடிந்து நவநாள் ஜெபத்துக்கு நிற்கிறார்கள் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தாள். கேட்டாள். மௌரீன் கபாப் தட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கழுத்துத் துண்டைப் பற்றிய பேச்சு வந்தபோது டீனா எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. குழாய்ச் சத்தத்தையும் மீறி வெளியே கேட்டது.

திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "இனிமே உனக்குத் தின்னணும்னு இருந்தா இங்கயே ஆர்டர் பண்ணு. டேபிள்ல வெச்சு, தட்டுல போட்டு, என் முன்னால சாப்பிடு. நான் தடுக்கமாட்டேன். ஒளிஞ்சு மட்டும் வேணாம், மம்மி. ஒளிஞ்சு தின்னா நான் எதை நம்பறது?"

அது எளிதாக இல்லை. முதல் பர்கர் வீட்டுக்கு வந்தபோது மௌரீன் அதைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். காய்ந்த இலையும் ஆறிப்போன கோழியுமாக அது சாதாரணமாக இருந்தது. எதிரில் மகள் உட்கார்ந்து இன்சுலின் அளவைக் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் இறங்கவில்லை. "எரிக்குக் குடு," என்று தள்ளினார். "எனக்கு வேணாம்பா, உங்களுது," என்றான் எரிக். மீதி குப்பைக்குப் போனது.

டீனாவும் களி எடை போடுவதை விட்டாள். காலையில் கிளம்பும்முன், "இன்னிக்கு என்ன சாப்பிடணும்போல இருக்கு?" என்று கேட்கப் பழகினாள். முதலில் மௌரீன், நீங்க சாப்பிடறதே போதும் என்றார். அப்படி யோசித்தே பழக்கமில்லை. பிறகு மீன் குழம்பு என்றார், முருங்கைக்கீரை என்றார். ஒருநாள் கோழிக்கால் என்றார். கால் அவர் தட்டுக்கு வந்தது.

நடுவில் ஒருமுறை சறுக்கினார். சிவாஜிநகருக்குத் துணி தைக்கக் கொடுக்கப் போனவர், நின்றபடியே ஒரு ரோலைத் தின்றுவிட்டார். கை பழக்கத்தில் கிராம்பு டப்பாவுக்குப் போனது. எடுக்கவில்லை. எண்ணெய் வாயோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, டீனா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்முன்பே, "இன்னிக்கு ஒரு ரோல் தின்னுட்டேன்," என்றார்.

டீனா வாசலிலேயே நின்றாள். "என்ன ரோல்?"

"பீஃப்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றார் மௌரீன், குற்றவாளிபோல. டீனா சிரித்துவிட்டாள். மிஷினை எடுத்து வந்தாள். அன்றைக்கு அது காட்டியதை இருவரும் நம்பினார்கள்.

பிப்ரவரியில் டாக்டர் கட்டைப் பிரித்தார். சுண்டுவிரலைச் சுற்றி அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். கருப்பு உதிர்ந்து அடியில் சிவப்பாகப் புதுச் சதை வந்திருந்தது. நகம் போய்விட்டது. இனி வராது என்றார். விரல் இருக்கும். அடுத்த மாதம் வந்தால் போதும். கடைப் பண்டம் பக்கம் போகக் கூடாது.

"போகமாட்டேன்னு சொல்ல முடியாது டாக்டர்," என்றார் மௌரீன். "போனா வீட்ல சொல்லிடுவேன்."

வெளியே சாயங்கால வெயில். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு ஃப்ரைட் சிக்கன் கடை. எண்ணெய் வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. மௌரீன் மகளின் கையைப் பிடித்தார்.

"டீனா, இப்ப வேணும்போல இருக்கு. ரொம்ப."

"டாடி நெனப்பா, பசியா?"

"ரெண்டும் இல்ல. சந்தோஷத்துல."

டீனாவுக்கு இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட் பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தார்கள். மௌரீன் புதுக் கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, எதிர்க்கடையையே பார்த்தார். டீனா பையிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். நேரம் போயிற்று. ஆசை ஒருமுறை ஏறி, அப்படியே கொஞ்ச நேரம் நின்று, இறங்கத் தொடங்கியது.

"போகலாமா?" என்றாள் டீனா.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. போயிடும். உக்காரு."

டீனா உட்கார்ந்தாள்.