உபவாசத்தில் விழுங்கிய மாத்திரை

அன்பான விசுவாசிகளே, ஆண்டவர் என் வலது காலைக் காப்பாற்றிக் கொடுத்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். போன வருடம் லெந்து என்னும் தவக்கால நாட்களில், பாத்தியில் கிடந்த உடைந்த சிப்பி குதிகாலைக் கிழித்துவிட்டது. தானாக ஆறிவிடும் என்று இரண்டு நாள் அதோடு வேலைக்குப் போனேன். அவ்வளவு திமிர் எனக்கு.

கால் வீங்கிச் சீழ் வைத்தது. திண்டிவனத்தில் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். புண் மருந்துக்குக் கேட்காவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றார். பயந்துபோனேன். கால் போனால் பாத்தியில் எப்படி நிற்பேன்? அன்றே மூன்று நாள் உபவாசம் என்று பொருத்தனை செய்தேன். சீட்டில் 'சாப்பிட்ட பிறகு' என்றுதான் இருந்தது. எல்லா மாத்திரைக்கும் அப்படித்தானே எழுதுவார்கள் என்று வெறும் தண்ணீரில் விழுங்கினேன்.

வயிறு கலக்கியது. பேதி நிற்கவில்லை. கால் வலியும் குறையவில்லை. என் விசுவாசம்தான் பத்தவில்லை என்று இன்னும் அழுது ஜெபித்தேன். மூன்றாம் நாள், இந்த மாத்திரையே வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க நொண்டிக்கொண்டே மெடிக்கலுக்குப் போனேன். கடையில் நெற்றி நிறைய விபூதி வைத்த ஒரு பெண். சாப்பிட்டுத்தானே போட்டீர்கள் என்று கேட்டாள். உபவாசம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அக்கா, இது அப்படியே மருந்து கெடையாது. உள்ள போய்தான் மருந்தா மாறும். சோத்தோட போனாதான் உடம்பு நல்லா எடுத்துக்கும். வெறும் வயித்துல போட்டா பாதி வீணாப் போயி, வயித்தயும் கலக்கும். மொதல்ல டாக்டர்கிட்ட போங்க, சாப்பிடுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆண்டவர் யார் வாயை வேண்டுமானாலும் எடுத்துப் பேசுவார். டாக்டரும் திட்டிவிட்டு அதையேதான் சொன்னார். அதே மாத்திரையைக் கூடுதல் நாட்களுக்கு எழுதினார். வீட்டுக்காரர் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். மூன்று நாளில் வீக்கம் வற்றியது. இன்று இரண்டு காலையும் ஊன்றிப் பாத்தியில் நிற்கிறேன். அவருக்கே ஸ்தோத்திரம்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள், கட்டாயம் பதில் வரும். இப்போதெல்லாம் எங்கள் சபையில் உபவாச ஜெபத்துக்கு முன் நான் எழுந்து, யாராவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறேன். கை தூக்குகிறவர்களுக்கு நானே இட்லி வைத்துக் கொடுக்கிறேன். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எல்லாரும் முழங்கால் போடுகிறோம்.